மெய்ந்நூல் கழகத்தில் அப்பாவு வாங்கிய அடிகள்

கண்ணுங்களா, புத்தகம் எழுதினால் கை வலிக்கும், கண் எரியும் என்றுதான் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்பாவு என்கிறவனுக்கு விலா எலும்பில் இரண்டு போயிற்று, முன்பல் ஒன்று போயிற்று, இடது காது ஒரு மாதம் அடைத்துக்கொண்டிருந்தது. அத்தனைக்கும் அவன் எழுதியது ஒரே ஒரு புத்தகம். அதிலும் நூற்றுப் பத்துப் பக்கம்தான்.

அப்பாவு துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறவன். காசிமேட்டை ஒட்டிய ஒரு குப்பத்தில் வீடு. வாசகசாலையில் பேப்பரை எழுத்துக் கூட்டிக் கூட்டியே படிக்கவும் எழுதவும் கற்றுக்கொண்டான். புத்தகம் எழுத வேண்டும், மாலை போட்டுக்கொள்ள வேண்டும் என்கிற ஆசையெல்லாம் அவனுக்குக் கிடையாது. அவனுக்கு இருந்தது ஒரு தம்பி. வெள்ளைக்காரன் போன ஐந்தாம் வருஷம் அந்தத் தம்பியும் போய்விட்டான்.

தம்பி பெயர் தண்டபாணி. அவனும் துறைமுகத்தில்தான். பன்னிரண்டு சிமெண்டு மூட்டையைக் கட்டி கிரேனில் தூக்கியபோது கயிறு அறுந்து, அத்தனையும் அவன் தலைமேல் விழுந்தது. எடுத்துப் போட்டவர்கள் அன்றைக்குச் சாப்பிடவில்லை; அதோடு விட்டுவிடுகிறேன். கயிறு, கண்டிராக்டர் ராவ் சாகிப் மாசிலாமணியுடையது. விசாரணையும் அவருடையதே. மூன்று பக்கத்தில் அறிக்கை எழுதினார். சாரம் இரண்டே வரி: கயிறு நல்ல கயிறு; இறந்தவன் குடித்திருந்தான். கிரேன் மேஸ்திரி மனோகரன் அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். மதுவிலக்குக் காலம் அது. குடித்தான் என்றால் செத்தது மட்டும் இல்லை, குற்றவாளியாகச் செத்தான் என்று அர்த்தம்.

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது, கடலிலும் வேலையிலும் செத்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூப்பிட்டு முதல் கூழை மணலில் ஊற்றுவார்கள். அதற்குப் பிறகுதான் உயிரோடிருக்கிறவர்களுக்கு. குடித்துச் செத்தவன் பெயரைக் கூப்பிட மாட்டார்கள். அந்த ஆடியில் தண்டபாணியின் பெயரைக் கூப்பிடவில்லை. அவன் பெண்சாதி சிவந்தி, பெயர் வரும் என்று தூக்குச் சட்டியை நீட்டியபடி நின்று நின்று, காலியாகவே திரும்பினாள்.

அப்பாவு குப்பத்து நாட்டாரிடம் போய் நியாயம் கேட்டான். அவர் கெட்டவர் இல்லை.

"நானின்னா பண்றது நைனா? குடிச்சான்னு அச்சுல போட்டுகீறான். அச்சுல வந்தது அச்சுலதான் மாறணும். இன்னொரு புஸ்தகம் கொண்டா, அடுத்த ஆடிக்குக் கூப்டறேன்" என்றார்.

இப்படித்தான் அப்பாவு மெய்ந்நூல் கழகத்துக்குப் போனான்.

ராயபுரத்தில் ஒரு பழைய உப்புக் கிடங்கில் இருந்தது அந்தக் கழகம். கதை எழுதினால் உள்ளே விட மாட்டார்கள், பாட்டு எழுதினால் அடித்து விரட்டுவார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிற நூல் மட்டும்தான். அதை எப்படி மகத்தான நூலாக எழுதுவது என்று பழக்கிக் கொடுத்து, எழுதி முடித்தால் அச்சும் போட்டுக் கொடுப்பார்கள். கழகத்தின் முத்திரை விழுந்த வரியை யாரும் மறுத்துப் பேச முடியாது என்று ஊரே நம்பியது. தலைவர் யார் என்று கேட்கிறீர்களா? ராவ் சாகிப் மாசிலாமணிதான். தண்டபாணியைப் பற்றிய அந்த மூன்று பக்கத்தைக் கழகத்தின் ஆண்டு மலரில் 'மெய்யெழுத்துக்கு ஒரு முன்மாதிரி' என்ற தலைப்போடு அச்சிட்டிருந்தார்கள்.

செயலாளர் ராமதாஸ் பி.ஏ. சட்டையில் மூன்று பேனா குத்தியிருப்பார். மேடை இல்லாத இடத்திலும் மேடையில் நிற்கிற மாதிரியே பேசுவார்.

"தோழரே, மெய் என்பது மென்மையானதன்று. மெய் வலிக்கும். வலிக்காதது மெய்யன்று. ஆகவே யாம் வலிக்கப் பயிற்றுகிறோம். முதல் வரி வாசகனை அறைய வேண்டும். எப்படி அறைய வேண்டும் என்று தெரியுமா?"

"தெரியாது சார்."

தெரியப்படுத்தினார். காது அடைத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

"இப்பொழுது மறக்க மாட்டீர்" என்றார் செயலாளர். அது உண்மை.

பழக்கவழக்கங்கள் மறுநாள் தொடங்கின. மெய்ந்நூலாசிரியன் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, கழகக் கூடத்தில் உட்கார்ந்து, ஆயிரம் சொல் எழுத வேண்டும். அப்பாவு நாலு மணிக்குக் கப்பலின் வயிற்றுக்குள் மூட்டையடியில் இருப்பான். வராத நாளுக்குப் பத்துப் பிரம்படி. எழுதுகிற கையில் அடிக்கக் கூடாது என்று கழகத்தில் கண்டிப்பான விதி உண்டு. அவ்வளவு இரக்கமுள்ள இடம் அது. இடது கையில்தான் அடித்தார்கள். மூன்றாம் வாரம் அந்தக் கையால் அவனுக்குச் சோற்றுத் தட்டைப் பிடிக்க முடியவில்லை.

அடைமொழி எழுதினால் ஓர் அடி. "பெரிய அலை வந்தது" என்று அப்பாவு எழுதியிருந்தான்.

"பெரிய என்றால் எவ்வளவு?" என்றார் செயலாளர்.

"பனை ஒசரம் சார்."

"அளந்தீரா?"

"அளக்கல சார். ஓடியாந்துட்டேன்."

"ஆய்வு செய்யாமல் ஓடிய குற்றத்துக்கு மேலும் இரண்டு."

ஒவ்வொரு செய்தியையும் ஒரு சின்னச் சீட்டில் எழுதி, ஆசிரியன் அதைத் தன்னைவிட்டுப் பிரியாமல் வைத்திருக்க வேண்டும் என்பது இன்னொரு நுட்பம். பிரியாமல் இருப்பதற்காகச் சாக்குத் தைக்கிற கோணூசியால் சட்டையோடு சேர்த்துக் குத்திவிடுவார்கள். சட்டை போடாமல் வருகிறவர்களுக்கு என்ன செய்தார்கள் என்பதை இப்போது வேண்டாம், சாப்பிடுகிற நேரம்.

இதெல்லாம் பயிற்சி. பரீட்சைக்கு இன்னும் வரவில்லை. அதன் பெயர் விதி பதினான்கு.

முன்பு ஒரு வருஷம் யாரோ ஒருவர் தன் மெய்ந்நூலில், எண்ணூர்க் கழிமுகத்தில் நண்டு கடித்துத் தன் விரல் போனதாக எழுதிவிட்டார். எண்ணிப் பார்த்தால் பத்து விரலும் இருந்தன. கழகத்துக்குப் பெருத்த அவமானம். அன்றைக்கே விதி செய்தார்கள்: நூலில் கண்ட எந்தச் செயலும் கழகத்தார் கண்முன் மறுபடி நடத்திக் காட்டப்பட்டு, 'உண்மை' என்று முத்திரை வாங்கிய பிறகே நிற்கும், அச்சானது, ஆகாதது எல்லாவற்றுக்கும் இதுவே சட்டம். நண்டு எழுதியவருக்கு இப்போது ஒன்பது விரல். நூல் மூன்று பதிப்பு கண்டது.

மறுபடி நடத்திக் காட்டுவதற்குச் சரிபார்ப்பு அதிகாரி என்று ஓர் ஆளை வைத்திருந்தார்கள். பழைய குஸ்தி பயில்வான் ஹுமாயூன். தண்டையார்ப்பேட்டைக்காரர். கழுத்தும் தலையும் ஒரே அகலம். குரல் மட்டும் குழந்தையைத் தூங்க வைக்கிறவர் குரல்.

அப்பாவுவின் நூலில் மூன்றாம் பக்கம் இப்படி இருந்தது: 'வலையைக் கிழித்ததற்காக என் அப்பன் துடுப்பால் முதுகில் மூன்று அடி அடித்தான். நான் கத்தவில்லை.'

ஹுமாயூன் துடுப்போடு வந்தார். "மாமு, தப்பா எடுத்துக்காத. கெவுருமெண்டு வேலை மாரி இது. திரும்பு" என்றார்.

முதல் அடியில் அப்பாவு பல்லைக் கடித்துக்கொண்டான். இரண்டாவதில் கத்திவிட்டான்.

செயலாளர் ஏட்டைப் புரட்டினார். "நூலாசிரியர் கத்தியுள்ளார். நூலிலோ கத்தவில்லை. முரண். முதலிலிருந்து."

மறுபடி மூன்று. மூன்றாவதில் கத்தினான். மறுபடி முதலிலிருந்து. எட்டு அடி ஆன பிறகு கத்துவதற்கு அவனிடம் மூச்சே இல்லை. முத்திரை விழுந்தது: உண்மை. விலா எலும்பு இரண்டும் அதில்தான் போயின.

ஹுமாயூனே அவனைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டில் குப்புறப் போட்டுத் தைலம் தடவினார். "இன்னாத்துக்கு நைனா இந்த மாரி எழுதறே? அடுத்த பாடத்துல யாராச்சும் உன்னை மடியில வெச்சுக் கொஞ்சுனாங்கோன்னு எழுதேன். நான் கொஞ்சிட்டுப் போறேன்."

"அப்டி யாரும் கொஞ்சலியே பாய்."

"அதான் பேஜாரு" என்றார் ஹுமாயூன், தைலத்தை இன்னும் கொஞ்சம் ஊற்றி.

மற்றவர்கள் எல்லாம் பிழைக்கத் தெரிந்தவர்கள். ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவர் 'எனது பகல் உறக்கங்கள்' என்று எழுதினார். நாற்பது நாள் கழகத்திலேயே பாய் விரித்துத் தூங்கிக் காட்டித் தங்கப் பதக்கம் வாங்கினார். இன்னொருவர் 'நான் உண்ட விருந்துகள்'. அதைச் சரிபார்க்க நிர்வாகக் குழு முழுவதுமே கூட உட்கார்ந்தது. ராவ் சாகிப்பின் சொந்த நூல் 'யான் ஏற்ற மாலைகள்', நானூறு பக்கம். ஒவ்வொரு மாலையும் மறுபடி போடப்பட்டது. மூன்று நாளுக்குப் பூக்கடையில் பிணத்துக்குப் போடக்கூடப் பூ கிடைக்கவில்லை.

"பார்த்தீரா?" என்றார் செயலாளர் அப்பாவுவிடம். "இவர்களில் ஒருவராவது அடி வாங்கினாரா? இதற்குப் பெயர்தான் நுட்பம். உமது வாழ்க்கையைக் கொஞ்சம் திருத்திக்கொண்டு வந்து எழுதியிருக்கலாம்."

அப்பாவு திருத்திப் பார்க்கத்தான் நினைத்தான். ஆனால் நாலாம் அத்தியாயத்தை எடுக்க முடியவில்லை. ஏழு வருஷத்துக்கு முந்தி அவன் குப்பத்துக்கும் பக்கத்துக் குப்பத்துக்கும் வலைத் தகராறில் கடற்கரையில் நடந்த அடிதடி அது. அன்றைக்கு இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பது பேர், நாற்பது பேரும் கள்ளு. குடிக்காமல் நின்றவன் தண்டபாணி ஒருத்தன்தான். அடிபட்டு விழுந்த இரண்டு பக்கத்து ஆட்களையும் தோளில் போட்டு ஆஸ்பத்திரிக்குச் சுமந்தவனும் அவன்தான். தம்பி எப்படிப்பட்டவன் என்று காட்ட அப்பாவுவிடம் வேறு பக்கமே கிடையாது.

"அதை எழுதாத மாமா. இப்பதான் ரெண்டு குப்பமும் பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்துக்கினு கீது" என்றாள் சிவந்தி.

"எழுதாங்காட்டி அவன் குடிக்காதவன்னு யாருக்குத் தெரியும்?"

மீன் வெட்டிக்கொண்டிருந்த சிவந்தி கொடுவாளால் ஒரே வெட்டில் சுறாவின் தலையைத் தனியாக எடுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அதே கடற்கரையில் சரிபார்ப்பு. நாற்பது பேரையும் நோட்டீசு அனுப்பி வரவழைத்தார்கள். மதுவிலக்கு இருக்கிறதே, எப்படிக் குடிப்பது? கழகம் அவசரத் தீர்மானம் போட்டு, ஆளுக்கு நாலு பன்னீர் சோடா கொடுத்து, 'இது கள்ளாகக் கருதப்படும்' என்று எழுதிக்கொண்டது. செயலாளர் முக்காலிமேல் ஏறி விசில் ஊதினார்.

முதலில் எல்லோரும் வெட்கப்பட்டுக்கொண்டு தட்டிக்கொடுப்பது போலத்தான் அடித்துக்கொண்டார்கள். மாமனும் மச்சானுமாக ஆகிவிட்டவர்கள் இல்லையா.

"மெய் இல்லை! மெய் இல்லை!" என்று கத்தினார் செயலாளர். "பக்கம் நாற்பத்தொன்று: 'தாடை பெயர்ந்தது.' எங்கே தாடை?"

யாரோ ஒருத்தன் கொஞ்சம் ஓங்கி வைத்தான். வாங்கினவனுக்கு ஏழு வருஷத்துக்கு முந்தி வாங்கினது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான். துடுப்பு வந்தது, மீன்கூடை வந்தது, நங்கூரக் கல் வந்தது. ஒரு கட்டுமரத்தைக் கட்டவிழ்த்து மரம் மரமாக எடுத்துக்கொண்டார்கள். நாற்பது பேர் நூற்றிருபதாக ஆனார்கள். பெண்கள் இறங்கிய பிறகு சோடா பாட்டில் பறந்தது. மணல் சிவந்து, காக்கைகள் வந்து வேடிக்கை பார்த்தன. முக்காலிமேல் நின்ற செயலாளர் ஏட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலறினார்:

"நூலில் இல்லாத அடியை அடிக்காதீர்கள்! கருணை காட்டுங்கள்! நூலில் உள்ளதை மட்டும் அடியுங்கள்!"

அப்போது நூலில் இல்லாத துடுப்பு ஒன்று அவர் முதுகிலும் விழுந்தது. அதை ஓர் அடிக்குறிப்பாகச் சேர்க்கச் சொல்லி மறுநாள் அப்பாவுவுக்குக் கடிதம் எழுதினார்.

பதினொரு பேர் ஆஸ்பத்திரியில். ஒருத்தனுக்குக் காறை எலும்பு, ஒருத்தனுக்குக் கண். நிச்சயம் செய்திருந்த மூன்று கல்யாணம் நின்றுபோயிற்று. கடைசியில் எண்ணிப் பார்த்ததில், நூலின்படி இரண்டு பல் விழ வேண்டும், கிடைத்தது ஒன்றுதான். குறையை ஈடுகட்டுவது நூலாசிரியரின் பொறுப்பு. ஹுமாயூன் அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, முன்பல்லை எடுத்துக் கொடுத்தார். முத்திரை விழுந்தது: உண்மை.

'தண்டபாணி குடிக்கவில்லை' என்ற வரிக்கு மட்டும் முத்திரை வைக்கவில்லை. "அந்த நபர் நேரில் வந்து குடிக்காமல் நின்று காட்டினால் பரிசீலிக்கலாம்" என்றார் செயலாளர்.

அப்பாவு வாயில் ரத்தத்தோடு கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எழுந்து போய்விடலாம் என்றுதான் தோன்றியது. எழுந்தான், போனான், கடைசி அத்தியாயத்தை எழுதினான். கயிறு நைந்திருந்ததைத் தம்பி மேஸ்திரியிடம் சொன்னது, மேஸ்திரி 'போய் நில்லு' என்றது, கயிறு அறுந்தது. இரண்டு பக்கம். அதில் அடைமொழி ஒன்றுகூட இல்லை.

அதைப் படித்துவிட்டு ராவ் சாகிப் மாசிலாமணியே அவனைக் கூப்பிட்டனுப்பினார். சந்தனப் பொட்டு, சரிகை அங்கவஸ்திரம், மகனிடம் பேசுகிற மாதிரி ஒரு சிரிப்பு.

"அப்பாவு, என்மேல் உனக்குக் கோபம். எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கயிற்றை நான் பெற்ற பிள்ளைபோல் பார்த்துக்கொள்கிறேன். வேறு கண்டிராக்டராக இருந்தால் அறுந்ததைத் தூக்கி எறிந்திருப்பான். நான் எறிந்தேனா? அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டு இன்றைக்கும் அதே கயிற்றில்தான் வேலை நடக்கிறது. அதன் கீழே தினம் நூறு பேர் நிற்கிறார்கள். பெரும்பாலோர் நலமாகவே வீடு திரும்புகிறார்கள். நைந்த கயிறு என்றால் என் மனசாட்சி அவர்களை அங்கே நிற்க விடுமா?"

செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு குழுவின் முடிவைப் படித்தார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி, துறைமுகத்தில் அதே இடம், அதே கயிறு, அதே பன்னிரண்டு மூட்டை. கீழே நூலாசிரியர் நிற்பார். கயிறு அறாவிட்டால் அந்த அத்தியாயம் பொய், வெட்டப்படும். அறுந்தால் அத்தியாயம் உண்மை. நூல் அச்சேறும், ஆசிரியரின் படத்துக்குக் கறுப்புக் கரை போடப்படும்.

"எப்படி ஆனாலும் கழகத்துக்குக் குறைவில்லை" என்றார் செயலாளர், நிறைவோடு.

அப்பாவு வீட்டுக்கு வந்து சொன்னபோது சிவந்தி கையிலிருந்த மீனைக் கீழே போட்டுவிட்டாள்.

"பேரு போனா போவட்டும் மாமா. ஒருத்தனைக் குடுத்தாச்சு. நீயும் போயி நிக்காத."

"ஆடி வருது சிவந்தி."

"வரட்டும். நான் தூக்கை எடுத்துக்கினு போவல."

"நீ போவாட்டி அவன் வர மாட்டானா? வந்து நிப்பான். எல்லார் பேரையும் கூப்புடுவாங்கோ, இவன் பேரை மட்டும் கூப்பிட மாட்டாங்கோ."

அவள் கீழே கிடந்த மீனை எடுத்து அலசினாள். பிறகு, "அந்த ராவ் சாகிப்பு எழுதுனது வெச்சிருக்கியா? படி" என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஒரு வருஷமாக ஊர் அதைச் சொல்லிக் காட்டியதே தவிர, யாரும் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. அப்பாவு மூன்று பக்கத்தையும் படித்தான். அவள் அழவில்லை. மீனைத் திருப்பித் திருப்பிச் செதில் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"இன்னொரு தபா படி."

படித்தான்.

"இது எந்த வருசம் அச்சாச்சு?"

"போன வருசம்."

"அதை யாரு நின்னு காட்னாங்கோ?"

அப்பாவு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

வெள்ளிக்கிழமை துறைமுகத்தில் வேலையே நடக்கவில்லை. நானூறு பேர் கூடிவிட்டார்கள். குப்பத்து நாட்டாரும் தலைப்பாகையோடு வந்திருந்தார். ராவ் சாகிப்புக்கு நிழலாகப் பந்தல், உட்கார ஈட்டி மரத்தில் சிங்கமுகம் வைத்த தலைவர் நாற்காலி. கிரேனில் மேஸ்திரி மனோகரன். மூட்டைகளை முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டித் தூக்கியாயிற்று. அப்பாவு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் நின்றான். மேலே பார்க்கக் கூடாது என்று நினைத்திருந்தான், பார்த்துவிட்டான். கயிற்றிலிருந்து ஒரு நார் பிரிந்து, மெதுவாகச் சுற்றிக்கொண்டு வந்து அவன் தோளில் விழுந்தது.

"நிறுத்துய்யா!"

சிவந்தி கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்து ஆண்டு மலரைச் செயலாளர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"எங்க மாமா எழுதுனது இன்னும் அச்சாவல. இது அச்சாயி ஒரு வருசம் ஆவுது. கயிறு நல்ல கயிறு, கீழ நின்னவன் குடிச்சிருந்தான்னு போட்டுகீது. முந்தி அச்சானதை முந்தி சரிபாருங்கோ. எழுதுனவரு வந்து நிக்கட்டும்."

"அம்மணி, அது தலைவரின் எழுத்து..."

"விதி பதினான்கு, சார்" என்றார் ஹுமாயூன், அந்தத் தாலாட்டுக் குரலில். "அச்சானது, ஆவாதது எல்லாத்துக்கும்."

நானூறு பேரும் ஒரே குரலில், "நில்லு! நில்லு!" என்றார்கள். கப்பலின் தகட்டைக் கம்பியால் தட்டினார்கள். செயலாளர் விதிப் புத்தகத்தை மூன்று முறை புரட்டினார், வெளியே போகிற வழி அதில் இல்லை.

ராவ் சாகிப் எழுந்தார். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். "நிற்பதற்கு நான் அஞ்சவில்லை. கயிறு நல்ல கயிறு. ஆனால் அறிக்கைப்படி நிற்பவன் குடித்திருக்க வேண்டும். நானோ சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். தவிர, விதி இருபத்திரண்டு: தலைவர் இல்லாத கூட்டத்தில் தலைவர் நாற்காலியே தலைவராகக் கருதப்படும். நாற்காலி நிற்கட்டும்."

அப்பாவுவை வெளியே இழுத்துவிட்டு நாற்காலியை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். முறைப்படி ஹுமாயூன் குனிந்து அதை முகர்ந்து பார்த்தார். "வாசனை இல்லை" என்றார். செயலாளர் எழுதிக்கொண்டார்: நாற்காலி குடித்திருக்கவில்லை.

மனோகரன் இரும்புத் தடியை இழுத்தான். மூட்டைகள் இன்னும் ஓர் ஆள் உயரம் ஏறின, இரண்டு ஆள் உயரம் ஏறின. முடிச்சுப் போட்ட இடத்தில் ஒரு முனகல். பன்னிரண்டு மூட்டையும் ஒன்றாக இறங்கின.

சத்தம் ராயபுரம் ரயிலடி வரைக்கும் கேட்டதாம். சிமெண்டுப் புழுதி அடங்க நேரம் பிடித்தது. அடங்கின பிறகு பார்த்தால், நாற்காலி என்று சொல்ல அங்கே ஒன்றுமே இல்லை. சிங்கமுகம் ஒன்று பறந்து வந்து செயலாளரின் நெற்றியைப் பிளந்திருந்தது. ரத்தம் ஏட்டில் சொட்டச் சொட்ட, குழு அந்த இடத்திலேயே ஐந்து நிமிஷம் கூடியது. ராவ் சாகிப் காதில் சொல்ல, செயலாளர் எழுதி, எழுந்து நின்று படித்தார்:

"குழு ஒருமனதாகக் காண்பதாவது: கயிறு நல்ல கயிறு. நாற்காலி குடித்திருந்தது."

பிறகு எங்கோ பின்னால் ஒருத்தன் சிரித்தான். அவ்வளவுதான், துறைமுகமே சிரித்தது. மூட்டைமேல் விழுந்து புரண்டு சிரித்தார்கள். கப்பல்மேல் நின்ற வெளிநாட்டு மாலுமிகூட ஒன்றும் புரியாமல் சிரித்தான்.

சிரிக்காதவன் மனோகரன். கிரேனிலிருந்து இறங்கி, மூட்டை விழுந்த இடத்துக்கு வந்து, அறுந்த கயிற்று நுனியை எடுத்துப் பார்த்தான். அவன் மகனும் அந்தக் கயிற்றுக்குக் கீழேதான் வேலை பார்த்தான்.

"அவன் குடிக்கல" என்றான். சிரிப்பில் யாருக்கும் கேட்கவில்லை. கத்திச் சொன்னான்: "தண்டபாணி குடிக்கல! கயிறு நைஞ்சு கீது மேஸ்திரின்னு மூணு தபா சொன்னான். நான்தான் போய் நில்லுடான்னேன். கையெழுத்துப் போடுன்னாங்கோ, போட்டேன்."

சிரிப்பு நின்றுபோயிற்று. குப்பத்து நாட்டார் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

சிவந்தி இரண்டே எட்டில் வந்து மேஸ்திரியின் கன்னத்தில் ஓர் அறை வைத்தாள். சுறா வெட்டுகிற கை. ஆள் சுழன்று சிமெண்டில் விழுந்தான்.

செயலாளர் ஒரு கையால் நெற்றியைப் பொத்திக்கொண்டு பாய்ந்து வந்தார். "இந்த அறை நூலில் இல்லை! நூலில் இல்லாத எதுவும் நடந்ததாகாது! இவன் சொன்னதும் நடந்ததாகாது!"

அப்பாவு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான். கையெழுத்துப் பிரதியின் கடைசிப் பக்கத்தை முழங்கால்மேல் வைத்து, மேஸ்திரி சொன்னதை அவன் சொன்னபடியே எழுதினான். அதற்குக் கீழே, 'சிவந்தி மேஸ்திரியை இடக் கன்னத்தில் அறைந்தாள்' என்று எழுதினான். முற்றுப்புள்ளி வைத்தான்.

"இப்ப கீது சார்" என்றான்.

"அப்படியானால் விதி பதினான்கின்படி இது மறுபடியும்..." என்று பழக்கத்தில் தொடங்கிவிட்ட செயலாளர், சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

மனோகரன் எழுந்து, முகத்துச் சிமெண்டைத் துடைத்துக்கொண்டு, தானே வந்து அவள் முன்னால் நின்றான். அத்தனை பேரும் கேட்கும்படி, தண்டபாணி குடிக்கவில்லை என்று முதலிலிருந்து மறுபடி சொன்னான். சொல்லிவிட்டுக் கன்னத்தைக் காட்டினான்.

"அது வலது, மேஸ்திரி" என்றார் ஹுமாயூன் மெதுவாக. "புஸ்தகத்துல இடது."

மனோகரன் முகத்தைத் திருப்பினான். சிவந்தி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.